வில்லின் குறிநோக்கியும் ஒளியிழையும்

மனிதன் கண்ட கருவிகளுள் வில்லைப்போல நெடுங்காலம் நிலைத்தவை மிகச் சிலவே. வெடிமருந்து போர்க்களத்தைக் கைப்பற்றியபின் வில் படைக்கலம் என்னும் நிலையை இழந்ததேயன்றி முற்றாக மறைந்துவிடவில்லை. இன்று அது இரு துறைகளிலே உயிர்வாழ்கின்றது. ஒன்று, வரையறுத்த தூரத்தில் நாட்டிய இலக்கை எய்யும் போட்டி, மற்றொன்று, வேட்டை. இலக்கெய்தற் போட்டி நெடிய இடைவெளிக்குப்பின் 1972ஆம் ஆண்டு மியூனிக் நகரில் நடந்த ஒலிம்பிக் விழாவிலே மீண்டும் இடம்பெற்றது. வில்வேட்டையோ வட அமெரிக்காவிலே பெரிதும் பயின்று வருவது. அங்கு விஸ்கொன்சின் மாநிலம் 1934ஆம் ஆண்டில் வில்லுக்கென்றே தனியானதொரு மான்வேட்டைப் பருவத்தை வகுத்தது. இவ்விரு துறையினரும் இன்று கையாளும் சிறு கருவியொன்று உண்டு. அஃது ஒளியிழை பொருத்திய குறிநோக்கியாகும். அதனை விற்போர் அதன் ஒளியையே பெரிதாக எடுத்துரைப்பர். வாங்குவோரும் ஒளியையே முதலில் நோக்குவர். ஆயின், குறிநோக்கியின் தகுதியை அளப்பதற்கு ஒளி ஒன்றே போதிய அளவுகோலாகுமா என்பது ஆராயத்தக்க வினாவாகும்.

முற்கால வில்லாளர் பெரும்பாலும் கருவியின் துணையின்றியே எய்தனர். ஆங்கில மொழியில் விற்கலை பற்றி எழுந்த முதல் நூலை 1545இல் வெளியிட்ட ரோஜர் ஆஸ்கம் என்பார், எய்வோன் தன் கண்ணை இலக்கிலேயே பதித்தல் வேண்டும் என்னும் கொள்கையினர். 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் வாழ்ந்த ஹொரஸ் போர்ட் என்பவர், அம்பைக் கண்ணுக்கு நேர்கீழே இழுத்து, அதன் முனையையே குறியாகக் கொள்ளும் முறையை ஒழுங்குபடுத்தினார். இம்முறை அவருக்குப் பெருவெற்றிகளை ஈட்டித் தந்தது. அம்பின் முனைக்குப் பதிலாக வில்லின் உடலிலேயே ஓர் ஊசியைப் பொருத்தினால் என்ன என்ற எண்ணத்தின் பயனே குறிநோக்கி.

அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தைச் சேர்ந்த ஹொலெஸ் வில்பர் அலன் என்பவர் கப்பிகள் பொருத்திய வில்லொன்றை அமைத்து, 1969இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். சாதாரண வில்லை இழுக்குந்தோறும் பாரம் கூடிக்கொண்டே செல்லும். கப்பி வில்லிலோ, நாணை முற்றாக இழுத்த நிலையிலே கை தாங்கவேண்டிய பாரம் பெரிதும் குறைந்துவிடும். ஆகவே, எய்வோன் பதற்றமின்றி நெடுநேரம் குறிபார்த்தல் இயல்வதாயிற்று. குறிநோக்கியின் செல்வாக்கு வளர்ந்தமைக்கு இது தலையாய காரணங்களுள் ஒன்றாகும்.

குறிநோக்கியின் அமைப்பு எளிதானது. விற்பிடிக்குச் சற்று மேலே உலோகத்தாலோ பிளாஸ்திக்காலோ ஆன ஒரு வளையம் பொருத்தப்பட்டிருக்கும். அதனுள்ளே ஓர் ஊசியோ, ஒன்றன்கீழ் ஒன்றாகப் பல ஊசிகளோ நீண்டிருக்கும். கப்பி வில்லின் நாணிலே சிறு துளைவளையம் ஒன்றும் கட்டப்பட்டிருக்கும். கண், நாண்துளை, ஊசிமுனை, இலக்கு ஆகிய நான்கும் ஒரே நேர்கோட்டில் வரும்போது அம்பு விடப்படும்.

ஊசிகள் பலவாக இருத்தல் ஏன்? அம்பு வில்லை விட்டுப் புறப்பட்ட கணத்திலிருந்தே புவியீர்ப்பினால் கீழ்நோக்கி வீழத் தொடங்குகின்றது. செக்கனுக்கு 280 அடி வேகத்தில் செல்லும் அம்பொன்றை எடுத்துக்கொள்க. வளியின் தடையை நீக்கிக் கணித்தால், அது 20 யார் தூரத்தை அடைவதற்குள் ஏறத்தாழ 9 அங்குலமும், 30 யாரில் 20 அங்குலமும், 40 யாரில் 35 அங்குலத்துக்குச் சற்று மேலும் வீழ்ந்திருக்கும். தூரம் இருமடங்கானால் வீழ்ச்சி நான்மடங்காகின்றது. ஆகவே, ஒவ்வொரு தூரத்துக்கும் வில்லை வெவ்வேறு அளவுக்கு உயர்த்தவேண்டும். மேலூசி அண்மைக்கும் கீழூசி சேய்மைக்கும் உரியன. ஊசிகள் கண்ணிலிருந்து 30 அங்குலத்திலும், கண் அம்பிலிருந்து 4 அங்குலம் உயரத்திலும் இருப்பதாகக் கொண்டு கணித்தால், 10 யார் வித்தியாசத்துக்கு ஊசிகளுக்கிடையே வேண்டிய இடைவெளி ஓர் அங்குலத்தின் ஏழிலொரு பங்கு அளவினதேயாம். இச்சிற்றிடைவெளிக்குள்ளே தடித்த ஊசிகளை நெருக்கி வைத்தால் இலக்கு அவற்றின் பின்னே மறைந்துபோகும். மெல்லிய ஊசியின் முனை எளிதில் கண்ணுக்குப் புலப்படாது. மெல்லியதாகவும் இருத்தல் வேண்டும், தெளிவாகத் தெரிதலும் வேண்டும் என்னும் இவ்விரண்டையும் ஒருங்கே நிறைவேற்றவே ஒளியிழை வந்து சேர்ந்தது.

ஒளியிழையின் தத்துவம் பௌதிக நூல்களிலே முழுவுட்டெறிப்பு என்னும் தலைப்பின்கீழ்க் கூறப்படுவது. அடர்ந்த ஊடகத்திலிருந்து ஐதான ஊடகத்தை நோக்கிச் செல்லும் ஒளிக்கதிர், அவதிக்கோணத்திலும் பெரிய கோணத்தில் எல்லையை அடையுமாயின் வெளியேறமாட்டாது, உள்ளேயே தெறிக்கும். 1841இல் ஜெனீவாவிலே கொலடோன் என்பார், வளைந்து வீழும் நீர்த்தாரையினுள் ஒளி அகப்பட்டு அதனுடன் வளைந்து செல்வதைக் காட்டினார். 1854இல் இலண்டனிலே திண்டால் என்னும் பௌதிக அறிஞரும் இத்தகையதொரு பரிசோதனையைச் செய்துகாட்டினார். அதற்குச் சரியாக ஒரு நூற்றாண்டின் பின், 1954இல், ஹொப்கின்ஸ், நரீந்தர் சிங் கபானி ஆகிய இருவரும் கண்ணாடி இழைக்கற்றை வழியே உருவங்களைச் செலுத்திய செய்தியை வெளியிட்டனர். அதே ஆண்டில் வான் ஹீல் என்னும் ஒல்லாந்த அறிஞர், இழையின்மேல் முறிவுச் சுட்டி குறைந்த உறையொன்று இருத்தல் நன்று என்பதை எடுத்துக்காட்டினார்.

குறிநோக்கியிலே பயன்படும் இழை, செய்தித் தொடர்புக்குப் பயன்படும் இழையினின்றும் ஒரு முக்கிய வகையிலே வேறுபட்டது. இவ்வேறுபாடு பலராலும் உணரப்படுவதில்லை. செய்தி இழைக்கு ஒளி ஒரு முனையால் ஊட்டப்படுகின்றது. குறிநோக்கியின் இழையோ தன் பக்கங்களால் வானத்தொளியைப் பெறவேண்டியிருக்கின்றது. தெளிந்த இழையொன்றின் பக்கத்தால் நுழைந்த ஒளி மறுபக்கத்தால் வெளியேறிவிடும். அஃது உள்ளே சிறைப்படுவதில்லை. இவ்விடர்ப்பாட்டை நீக்குதற்காகவே இழையின் பிளாஸ்திக்கில் உடனொளிரும் சாயமொன்று கலக்கப்படுகின்றது. சாயத்தின் மூலக்கூறுகள் வானத்தினின்று வரும் நீலம், ஊதா ஆகிய குற்றலை ஒளியை உறிஞ்சி, பச்சை, மஞ்சள், சிவப்பு ஆகிய நெட்டலை ஒளியாக எல்லாத் திசைகளிலும் உமிழ்கின்றன. அவ்வாறு உமிழப்பட்டதில் ஒரு பகுதி, இழையின் நீளத்தை ஒட்டிய திசையிலே செல்வதால், முழுவுட்டெறிப்புக்கு உட்பட்டு முனையை அடைகின்றது.

அப்பகுதி எவ்வளவு? இழையின் உள்ளகம் பெரும்பாலும் பொலிஸ்தைரீனால் ஆனது. அதன் முறிவுச் சுட்டி 1.59. உறை அக்கிரிலிக் வகையினது. அதன் சுட்டி 1.49. எனவே அவதிக்கோணம் ஏறத்தாழ 70 பாகையாகின்றது. அஃதாவது, இழையின் அச்சுடன் 20 பாகைக்குட்பட்டுச் செல்லும் கதிர்களே சிறைப்படும். கணித்துப் பார்த்தால், சாயம் உமிழ்ந்த ஒளியில் நூற்றுக்கு 3 பங்கு அளவே ஒரு முனையை நோக்கிச் செல்லும். எஞ்சியதிற் பெரும்பகுதி பக்கங்களால் கழிந்துபோகும். இத்துணைச் சிறு பங்கைக்கொண்டே ஊசிமுனை ஒளிர்வதற்குக் காரணம், நீண்ட இழையின் பரப்பு முழுவதிலும் திரட்டப்பட்ட ஒளி மிகச்சிறிய முனை ஒன்றிலே வந்து குவிதலேயாம். அந்தி வேளையிலே வானத்தொளியில் நீலப்பகுதி மிகுந்திருத்தலும் சாயத்துக்கு வாய்ப்பாகின்றது.

இதனால், இழை எவ்வளவு நீளமோ அவ்வளவு நன்று என்று முடிவுகட்டுதல் பொருந்தாது. இழையினூடு செல்லும் ஒளி வழியிலே குறைந்துகொண்டே வரும். ஒரு மீற்றர் தூரத்தில் பாதி ஒளி இழக்கப்படுவதாக உதாரணத்துக்குக் கொள்க. அப்பொழுது, முதல் மீற்றர் தந்த ஒளியிலே பாதியையே இரண்டாம் மீற்றர் தரும். மூன்றாம் மீற்றர் காற்பங்கையே தரும். ஆகவே, வளையத்தைச் சுற்றி இழையைப் பன்முறை சுற்றிவைத்தல் ஓர் எல்லைவரையிலுமே பயன்தரும். அவ்வெல்லைக்குமேல் அது கவர்ச்சிப் பொருளேயன்றிக் கருவிக்குரிய சிறப்பன்று. சுற்றப்பட்ட இழை வானத்தை நோக்கித் திறந்திருக்கின்றதா, அன்றி மூடிய பெட்டியினுள் மறைந்திருக்கின்றதா என்பதே நீளத்திலும் முக்கியமாக நோக்கற்பாலது.

இனி, முனையின் பருமனை நோக்குவோர்க்குச் சில எண்கள் துணைசெய்யும். சந்தையில் வழங்கும் இழைகள் பெரும்பாலும் 0.010, 0.019, 0.029 அங்குல விட்டமுடையன. கண்ணிலிருந்து 30 அங்குலத்தில் உள்ள 0.019 அங்குல முனை, 20 யார் தூரத்தில் அரை அங்குலத்துக்குச் சற்றுக் குறைந்த இடத்தையும், 60 யாரில் ஏறத்தாழ 1.4 அங்குலத்தையும் மறைக்கும். 0.029 அங்குல முனை 60 யாரில் 2 அங்குலத்துக்கு மேல் மறைக்கும். இவை இழையின் உண்மைப் பருமனைக்கொண்டு கணித்த எண்கள். கண்ணோ ஒளிமிக்க புள்ளியை அதன் பருமனிலும் பெரிதாகவே காண்கின்றது. உச்சிவெயிலில் அளவுக்கு மீறி ஒளிரும் முனை, விளிம்பு கலங்கிய ஒளிவட்டமாகத் தோன்றும். உருட்சிப்பிழை உள்ள கண்ணுக்கு அது கதிர் பரப்பும் நட்சத்திரமாகவே தோன்றும். எனவே, மிகையொளியைக் குறைப்பதற்கு இழையின்மேல் திரையிடும் வசதி ஒரு குறிநோக்கியில் இருக்குமாயின் அது வேண்டத்தக்கதே.

நிறமும் கவனத்துக்குரியது. பகலொளியிலே மனிதக் கண் பச்சை நிறத்துக்கே மிகுந்த உணர்ச்சியுடையது. ஒளி மங்குந்தோறும் அவ்வுணர்ச்சி நீலத்தை நோக்கி நகர்கின்றது. சிவப்போ விரைவிற் கறுத்துப்போகின்றது. 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலே பொகீமிய அறிஞர் பூர்க்கினே கண்டறிந்த உண்மை இது. ஆதலின், அந்தியிலே பெரிதும் வேண்டப்படும் ஊசி பச்சையாயிருத்தல் தகும். செம்மையும் பசுமையும் வேறுபாடின்றித் தோன்றும் கண்ணுடையார், நிறத்தை நம்பாது ஊசிகளின் வரிசையையே நம்புதல் வேண்டும்.

இவ்வளவும் குறிநோக்கியின் ஊசியைப் பற்றியன. ஆயின் எய்தற்றொழிலில் ஊசி ஒரு பாதியே, இலக்கு மறுபாதி. துரோணர் மரத்தின்மேல் வைத்த பறவையைக் காட்டித் தம் மாணாக்கரை வினாவியபோது, மற்றையோர் மரத்தையும் கிளையையும் கூறினராக, அருச்சுனன் பறவையின் தலையை மாத்திரமே கண்டான் என்பது மகாபாரதக் கதை. கண்ணின் அமைப்பை ஆராய்வோர்க்கு இக்கதை வெறும் புனைவாகத் தோன்றாது. 30 அங்குலத்திலுள்ள ஊசியையும் 40 யாரிலுள்ள இலக்கையும் கண்வில்லை ஒரே வேளையிற் கூர்மையாகக் காட்டமாட்டாது. ஒன்று தெளிவாயின் மற்றொன்று கலங்கும். நாணிலுள்ள சிறுதுளை இக்கலக்கத்தை ஓரளவு குறைக்குமாயினும், அந்தியிலே அத்துளைதானே கண்ணுக்குள் வரும் ஒளியையும் தடுத்துவிடும். இலக்கிலே கண்ணை நிறுத்தி, ஊசியை அதன்மேல் மிதக்கும் ஒரு புள்ளியாக விடுதலே பயிற்சியுடையோர் பலரின் வழக்கம். ஒளியிழை இவ்வழக்கத்துக்குத் துணைசெய்கின்றது. கலங்கிய நிலையிலும் ஒளிரும் முனை காணப்படும் என்பதே அதன் உண்மைப் பயன்.

அப்பயனுள்ளேயே ஓர் ஆபத்தும் மறைந்திருக்கின்றது. ஒளியிழை ஊசியை ஒளிர்விக்கின்றதேயன்றி இலக்கை ஒளிர்விப்பதில்லை. மாலை மங்கி, மானின் உடல் புதரோடு புதராகக் கலந்து தோன்றும் வேளையிலும் ஊசிமுனை பச்சைச்சுடராக நிற்கும். எய்வோன் தன் ஊசி தெரிவதையே இலக்குத் தெரிவதாக மயங்குதல் கூடும். அம்பு துப்பாக்கிக் குண்டைப்போல அதிர்ச்சியாற் கொல்வதன்று. கூரிய அலகாற் குருதிக்குழாய்களை வெட்டியே கொல்வது. வெண்வால் மானின் இதயமும் நுரையீரலும் அமைந்த உயிர்நிலை ஏறத்தாழ 8 அங்குல அகலமுடையது. அவ்விடத்திற் பட்டால் விலங்கு விரைவில் இறக்கும். வயிற்றிலோ தொடையிலோ பட்டாலோ, அது காட்டினுள் ஓடிப் பல மணிநேரம் துன்புறும். தேடியும் கிடைக்காது போதலும் உண்டு. இருளிலே குருதிச்சுவட்டைத் தொடர்தல் மேலும் அரிது. ஆதலாற்றான் அமெரிக்க மாநிலங்கள் பலவற்றில், மான்போன்ற பெருவிலங்கு வேட்டை சூரிய உதயத்துக்கு அரைமணி முன்னரிலிருந்து அத்தமனத்துக்கு அரைமணி பின்னர்வரையுமே அனுமதிக்கப்படுகின்றது. மின்கலத்தால் ஒளிரும் குறிநோக்கிகளைச் சில மாநிலங்கள் வேட்டையில் விலக்கியும் வந்துள்ளன. மின்கலமின்றி வானத்தொளியால் மாத்திரம் இயங்கும் இழை இத்தடைக்குட்படாதது. வானம் இருண்டால் அதுவும் மங்குதல் ஒருவகையில் நன்மையேயாம். திரித்தியம் என்னும் கதிர்வீசும் வாயுவை அடைத்த ஊசிகள் இருளிலும் ஒளிரும். ஆயினும், அவ்வாயு 12 ஆண்டுகளுக்குச் சற்று மேற்பட்ட காலத்திற் பாதியாகிவிடுவதால், அவற்றின் ஒளியும் ஆண்டுதோறும் தேயும்.

தூரத்தைப் பற்றியும் ஒரு சொல் வேண்டும். 40 யாரில் நிற்கும் மானை மேற்கூறிய அம்பு அடைய 0.43 செக்கன் செல்லும். நாணின் ஓசையோ ஏறத்தாழ 0.11 செக்கனில் அதன் செவியை எட்டிவிடும். இடையிலுள்ள மூன்றிலொரு செக்கன் அளவு நேரத்தில், வெருண்ட விலங்கு உடலைத் தாழ்த்தித் தாவத் தொடங்கிவிடலாம். குறிநோக்கி எத்துணைச் செம்மையுடையதாயினும் இதனைத் தடுக்க வல்லதன்று. ஐந்து ஊசிகள் உள்ளன என்பதனால் ஐந்தாவது ஊசிக்குரிய தூரத்தில் எய்யலாம் என்பது பொருளன்று. எய்வோனின் கைத்திறன் எத்தூரம் வரை 8 அங்குல வட்டத்தினுள் அம்புகளைத் தவறாது நிறுத்துகின்றதோ, அதற்கும் உட்பட்டதே வேட்டைக்குரிய தூரமாகும்.

போட்டிக்களத்தின் தேவைகள் வேறு. அங்கே தூரம் அறியப்பட்டது, ஒளி போதியது, இலக்கு அசையாதது. ஒலிம்பிக் போட்டியில் 70 மீற்றர் தூரத்தில் 122 சென்ரிமீற்றர் விட்டமுள்ள இலக்கு வைக்கப்படும். அதன் பத்துப்புள்ளி வட்டம் 12.2 சென்ரிமீற்றர் விட்டமுடையது. முன்கூறிய 30 அங்குலக் கணக்கின்படி, 0.029 அங்குல முனை இவ்வட்டத்தின் விட்டத்திலே பாதிக்குமேல் மறைத்துவிடும். ஆதலின் போட்டியாளருக்கு மெல்லிய முனையோ வெற்றுவளையமோ ஏற்றது. ஒரு தூரத்துக்கு ஓர் ஊசியே போதுமாதலின், பல ஊசிகளால் அவர்க்குப் பயனில்லை. உலக வில்வித்தைச் சம்மேளனத்தின் விதிகளும் இங்கு அறியத்தக்கவை. வளைநுனி வில்லாளர் குறிநோக்கியைப் பயன்படுத்தலாம். அதிலே உருப்பெருக்கும் வில்லையோ மின்கருவியோ இருத்தலாகாது. ஒளியிழை ஏற்கப்படும், ஆயின் நாணை முற்றாக இழுத்த நிலையிலே ஒளிரும் குறிப்புள்ளி ஒன்றே தோன்றுதல் வேண்டும். கப்பி வில்லாளர்க்கு உருப்பெருக்கும் வில்லை அனுமதிக்கப்பட்டுள்ளது. வெறுவில் என்னும் பிரிவிலோ குறிநோக்கியே விலக்கு.

இரு துறைக்கும் பொதுவானதும், ஒளியிலும் மேலானதுமான பண்பொன்று உண்டு. அதுவே உறுதி. ஒவ்வோர் அம்பு விடுகையிலும் வில் அதிர்கின்றது. அவ்வதிர்ச்சியால் திருகாணி ஒன்று தளர்ந்து, ஊசி ஓர் அங்குலத்தின் 32இல் ஒரு பங்கு நகர்வதாகக் கொள்க. 30 அங்குலத்திலே கண்ணுக்குப் புலப்படாத இந்நகர்வு, 40 யாரில் ஒன்றரை அங்குலமாகவும், 70 மீற்றரில் 7 சென்ரிமீற்றருக்கு மேலாகவும் பெருகும். பத்துப்புள்ளி வட்டத்தின் ஆரை 6.1 சென்ரிமீற்றரேயாதலின், நடுவிற் படவேண்டிய அம்பு வட்டத்துக்கு வெளியே போய்விடும். வில் சாய்தலும் இவ்வாறே தீங்கு விளைக்கும். வில் 3 பாகை சாய்ந்தால் அம்பு 40 யாரிலே பக்கவாட்டில் ஏறத்தாழ 2 அங்குலம் விலகும். கொத்தர் கையாளும் இரசமட்டத்தைப் போன்ற சிறுகுமிழொன்று குறிநோக்கி வளையத்தின் அடியிற் பொருத்தப்படுவது இதனாலேயாகும்.

மேற்கூறியவற்றைக்கொண்டு குறிநோக்கி ஒன்றை மதிப்பிடும் முறையை வகுத்துக்கொள்ளலாம். முதலாவதாக, ஊசியின் நிலையை அளவுகோட்டிலே குறித்துவைத்து, ஐம்பது அம்புகள் எய்தபின் அந்நிலை மாறியதா என்று பார்த்தல் வேண்டும். இரண்டாவதாக, ஊசியை மேலும் கீழும் நகர்த்திப் பழைய இடத்துக்கே மீளக் கொணர்ந்து, அம்புகளும் பழைய இடத்திலேயே படுகின்றனவா என்று சோதித்தல் வேண்டும். மூன்றாவதாக, வளையத்தின் விளிம்பும் நாண்துளையின் விளிம்பும் ஒன்றுக்குள் ஒன்றாக ஒரேமையமாக அமைகின்றனவா என்று நோக்குதல் வேண்டும். அவ்வாறு அமைந்தாலே கண் ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் நிற்கும். நான்காவதாக, இழை காவலுற்றிருக்கின்றதா என்பது. மெல்லிழை கிளையிற் சிக்கி முறியத்தக்கது. நெடுவெயிலில் அதன் சாயம் மங்கும். பூச்சிகளை விரட்டப் பூசும் தைலங்கள் சில பிளாஸ்திக்கைக் கரைக்க வல்லன. இவற்றின் பின்னரே ஒளியைச் சோதித்தல் முறை. அச்சோதனையும் கடையின் விளக்கொளியில் நிகழ்த்தத் தக்கதன்று; நண்பகல் வெயிலிலும், மரநிழலிலும், அந்தியிலுமாக மும்முறை செய்தல் வேண்டும். அந்திச் சோதனையிலே, ஊசி எப்போது மறைகின்றது என்பதைமட்டுமன்றி, 30 யார் தூரத்திலுள்ள பழுப்புநிற இலக்கின் விளிம்பு எப்போது மறைகின்றது என்பதையும் குறித்துக்கொள்ளல் வேண்டும். இலக்கு மறையும் வரையும் ஊசி தெரியுமாயின் அவ்வொளி போதியது. அதற்கு மேற்பட்ட ஒளிக்காகச் செலவிடும் பணம் வீணே.

ஆகவே, உறுதி முதலாவது, மென்மை இரண்டாவது, ஒளி மூன்றாவது என்பதே குறிநோக்கியை மதிப்பிடுதற்குரிய ஒழுங்கு எனத் துணியலாம். போட்டியாளன் இவ்வொழுங்கை மாற்றினால் இழப்பது சில புள்ளிகளே. வேட்டையாளன் மாற்றினால் விளையும் துன்பத்தை அனுபவிப்பது அவனன்று. வாயில்லாத பிறிதோர் உயிர். ஊசி ஒளிர்ந்துகொண்டிருக்கும்போதே இலக்கு மங்கிவிட்டது என்று கண்டு, நாணை மெல்லத் தளர்த்தி அம்பை மீண்டும் தூணியிலிடும் அறிவை எக்கருவியும் தரமாட்டாது. அது கருவியைக் கையாள்பவன் தன் பயிற்சியால் தேடிக்கொள்ள வேண்டியதொன்றாகும்.